கார்புரேட்டரைக் கடைசியாகத் திறங்கள்: மலையேற்றத்தில் மிஸ் அடிக்கும் பழைய கார்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கோ, வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கோ ஏறும் பழைய கார் பாதி மலையில் குலுங்க ஆரம்பித்தால், நின்று பார்ப்பவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'கார்புரேட்டர்ல அடைப்பு' என்றுதான் சொல்வார்கள். பானட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதில் திருகுவதற்கு ஆணிகளும் இருக்கின்றன. ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் கை தானாக அங்கே போகிறது. அந்தக் கையைத் தடுப்பதற்காகவே இந்த அத்தியாயம். மின்பொறி, காற்றுக் கசிவு, பெட்ரோல் வரத்து, வால்வு ஆகிய நான்கிலும் குறை இல்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே கார்புரேட்டரைத் தொட வேண்டும். ஜமுனாமரத்தூரும் காவலூரும் இருக்கும் ஜவ்வாது மலை போன்ற இடத்தில் இதை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். அங்கே தவறாகத் திருகிய ஓர் ஆணியைச் சரிசெய்ய, உதிரி பாகம் கிடைக்கும் ஊருக்கு மலையிறங்கித்தான் போக வேண்டியிருக்கும்.

முதலில் எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்ட அம்பாசிடர், 1089 சி.சி. பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2000-ஐ ஒட்டி இன்ஜெக்ஷனுக்கு மாறும்வரை கார்புரேட்டரோடு ஓடிய 796 சி.சி. மாருதி 800 ஆகியவைதான் தமிழ்நாட்டில் இன்னும் ஓட்டத்தில் இருக்கும் பழைய கார்களில் பெரும்பாலானவை. சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் அங்கங்கே பிழைத்திருக்கின்றன. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் எல்லா சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர்தான். நோய் காண்பதில் இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை. எல்லா சிலிண்டருக்கும் ஒரே இடத்திலிருந்து கலவை போகிறது என்றால், ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் இருப்பதற்கு அந்த இடம் காரணமாக இருக்க முடியாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

எந்தப் பாகம் எவ்வளவு தேய்கிறது என்று யோசித்தாலே சந்தேகத்தின் வரிசை தெளிவாகிவிடும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் நிமிடத்துக்கு 6000 முறை, அதாவது நொடிக்கு நூறு முறை, திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் அதில் சிறிதளவு உலோகம் கருகுகிறது. கேம் மீது உராயும் அதன் குதிகாலும் தேய்கிறது. அம்பாசிடரில் அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாக வரும். கார்புரேட்டர் ஜெட் என்பது பித்தளையில் போட்ட துளை. அதன் வழியே பெட்ரோல் போவதைத் தவிர அங்கே ஒன்றும் நடப்பதில்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று தடுமாறினால், நொடிக்கு நூறு முறை அடிபடும் பாகத்தைப் பார்க்காமல் அடியே படாத பாகத்தை முதலில் கழற்றுவதில் நியாயமில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு மலையைக் காட்டித்தான் வரும். 'கீழே நல்லாத்தானே ஓடுச்சு? மேலே காற்று லேசு, பெட்ரோல் அதிகமாப் போகுது, ஜெட்டை மாத்தணும்' என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், கார்புரேட்டர் வண்டியில் கலவை பெட்ரோல் மிகுந்ததாக மாறும். எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி. காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. கார்புரேட்டரில் கலவை மாறுவது அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே பெட்ரோல் மிகுதி 4 சதவீதத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதைச் சமவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலூரில் மார்கழி விடியற்காலை 18 டிகிரி, சித்திரை வைகாசி நண்பகலில் 42 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வெப்பத்தால் மட்டுமே காற்றின் அடர்த்தி 8 சதவீதம் மாறுகிறது. ஜவ்வாது மலை ஏறுவதால் வரும் மாற்றத்தைவிட இது கொஞ்சம் அதிகம். சித்திரை பிறந்துவிட்டது, ஜெட்டை மாற்றுங்கள் என்று வேலூரில் யாரும் பட்டறைக்குப் போவதில்லை. ஊட்டி வேறு கதை. 2240 மீட்டரில் அடர்த்தி 20 சதவீதம் குறைந்து, கலவையில் 11, 12 சதவீத மிகுதி வரும். அங்கே நிரந்தரமாக ஓடும் வண்டிக்குச் சிறிய ஜெட் போடுவதில் அர்த்தம் உண்டு. ஜவ்வாது மலையில் உயரம் மட்டும் ஒரு நல்ல என்ஜினைத் தடுமாற வைக்காது.

அப்படியானால் கீழே ஒழுங்காக ஓடிய வண்டி மேலே ஏன் மிஸ் அடிக்கிறது? உயரம் காரணமில்லை. ஏற்றம்தான் காரணம். பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே பொறி தாவ எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பது அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. சமவெளியில் கால்வாசி ஆக்ஸிலரேட்டரில் போகும்போது சிலிண்டருக்குள் கொஞ்சம் கலவைதான் நுழைகிறது. அழுத்தம் குறைவு, பலவீனமான காயிலும் சமாளித்துவிடும். இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஏறும்போது சிலிண்டர் நிறைகிறது, அழுத்தம் கூடுகிறது, பொறிக்குத் தேவையான மின்னழுத்தமும் கூடுகிறது. சூட்டில் சோர்ந்த காயில், விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் கேப், இன்சுலேஷன் போன பிளக் வயர், முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் எல்லாம் அப்போதுதான் தோற்றுப்போகின்றன. ஆகவே 'கீழே நன்றாக ஓடியது' என்பது மின்பொறிப் பக்கம் நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்றாகாது. அதன் மேல் சந்தேகத்தை அதிகப்படுத்தும் சான்று அது. ஏற்றத்தில் பெட்ரோல் வரத்துக் குறைபாடும் இதே மாதிரி வெளிப்படும் என்பது சரிதான். ஆனால் இரண்டின் நடையும் வேறு. பொறி தவறினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், அந்தக் கணமே தெரியும், காலைச் சற்று எடுத்தால் அந்த வெட்டு உடனே நின்றுவிடும். பெட்ரோல் போதவில்லை என்றால் இழுவை மெல்லமெல்லச் சாகும். ஃப்ளோட் சேம்பரில் இருப்பது தீரும்வரை ஓடி, பிறகு மூச்சு வாங்கி, கொஞ்சம் நிறுத்தி வைத்தால் மறுபடி சில நூறு மீட்டர் ஏறும்.

சோதனையை எங்கே தொடங்குவது? வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்கள். என்ஜினை அணைத்து, ஒரு பிளக்கின் வயரை மட்டும் கழற்றி, அதன் முனை என்ஜின் உலோகத்தில் நன்றாக எர்த் ஆகும்படி வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் ஓடவிடுங்கள். முன்னைவிட மோசமாக ஓடினால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லை என்றால், அது ஏற்கெனவே சும்மாதான் இருந்திருக்கிறது. ஒவ்வொன்றாக எல்லா சிலிண்டருக்கும் செய்யுங்கள். ஓடும் என்ஜினில் வயரைக் கையால் பிடுங்கும் பழக்கம் வேண்டாம். ஷாக் அடிப்பதோடு, தாவ இடமில்லாத மின்சாரம் காயிலையும் கெடுத்துவிடும். இந்த ஒரு சோதனை பிரச்சினையைப் பாதியாகக் குறைத்துவிடும். ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் கார்புரேட்டரை மறந்துவிடலாம். அந்த சிலிண்டரின் பிளக், வயர், கேப்பில் அதன் முனை, அதன் வால்வு, அதன் பக்கத்து மேனிஃபோல்டு பேக்கிங் ஆகிய ஐந்துக்குள் விடை இருக்கிறது. பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, தடுமாற்றமும் கூடவே மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் பிளக்தான். மாறாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். வயர்களைக் கழற்றும்போது வரிசை தவறக்கூடாது. அம்பாசிடரில் பொறி வரிசை 1-3-4-2, மாருதி 800-இல் 1-3-2. இரண்டு வயர் இடம் மாறினாலே வண்டி உதறும், அதற்கும் கடைசியில் கார்புரேட்டர்தான் திட்டு வாங்கும்.

எல்லா சிலிண்டரும் ஒன்றுபோல் அரைகுறையாக ஓடினால், எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். பொதுவானவற்றில் கார்புரேட்டர் ஒன்றுதான், ஒன்று மட்டும் இல்லை. காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், டைமிங் எல்லாம் பொதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பாயிண்ட் முகங்கள் சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் சரி. நீலமாகக் கருகியோ, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாகவோ இருந்தால் கண்டன்சர் மேல் சந்தேகம் வையுங்கள். கண்டன்சர் குளிர்ந்திருக்கும்போது வேலை செய்து, சூடேறியதும் கைவிடும் குணம் கொண்டது. அரைமணி ஏற்றத்துக்குப் பிறகு மிஸ் அடித்து, ஆறியதும் சரியாகும் வண்டிகளில் இதுவும் காயிலும்தான் முதல் குற்றவாளிகள். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பது அவசரத்துக்கு உதவும், ஆனால் அதன் துகள் உள்ளே தங்கவிடாமல் துடைத்துவிட்டு, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். கேப்பின் உட்புறத்தில் முனைக்கும் முனைக்கும் நடுவே கரிக்கோடு மெல்லியதாக ஓடியிருந்தால், அந்த வழியாகப் பொறி திசைமாறிப் போகிறது என்று பொருள். மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் அந்தக் கோட்டின் மேல் ஈரம் படிந்தால் காலையில் வண்டி கிளம்பவே கிளம்பாது. உலர்ந்த துணியால் துடைத்து, கேப்பை வெயிலில் வைத்தாலே பல வண்டிகள் உயிர்பெறும். பிளக் வயர் கசிவைக் கண்டுபிடிக்க இருட்டு வேண்டும். வானாய்வகம் இருக்கும் காரணத்தால் காவலூரைச் சுற்றி இரவில் வெளிச்சத்தைக் குறைவாக வைத்திருக்கப் பாடுபடுகிறார்கள். அந்த இருட்டில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஓடும் என்ஜினைத் தொடாமல் பாருங்கள். வயரிலிருந்து உலோகத்துக்குத் தாவும் நீலப் பொறி பட்டறை வெளிச்சத்தில் ஒருபோதும் தெரியாத அளவு தெளிவாகத் தெரியும்.

மின்பொறி சரி என்றால் அடுத்து காற்று. கார்புரேட்டரைத் தாண்டி, அளக்கப்படாமல் உள்ளே நுழையும் காற்றைத்தான் சொல்கிறேன். ஸ்லோவில் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை அதிகம். கார்புரேட்டர் அடிப் பேக்கிங் காய்ந்து சுருங்கியிருந்தாலோ, பிரேக் சர்வோவுக்குப் போகும் குழாய் வெடித்திருந்தாலோ, டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்யூம் டயஃப்ரம் கிழிந்திருந்தாலோ அந்த வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிந்துவிடும். ஸ்லோவில் உதறும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஓரளவு சரியாகும். இதைக் கண்டுபிடிக்க சோக் நாப் போதும். சூடான என்ஜினில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஓட்டம் நன்றாக ஆனால் கலவை மெலிந்திருக்கிறது. காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் கலவை ஏற்கெனவே கனமாக இருக்கிறது, அல்லது குறை மின்பொறியில். கசியும் இடத்தைத் தேட சிலர் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிப் பார்ப்பார்கள். அம்பாசிடர் என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டும் பழுக்கச் சூடேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருக்கின்றன. அங்கே பெட்ரோல் ஊற்றுவது வண்டியையே கொளுத்துவதற்குச் சமம். ஊசியில்லாத சிரிஞ்சில் சோப்புத் தண்ணீரை எடுத்து, இணைப்புகளில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும், என்ஜின் ஓசை ஒரு கணம் மாறும். வாக்யூம் கேஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவலூர் உயரத்தில் நல்ல என்ஜினும் சமவெளியைவிட இரண்டு, இரண்டரை அங்குலம் குறைவாகத்தான் காட்டும். கீழே பழகிய எண்ணை மேலே எதிர்பார்த்து, இல்லாத கசிவைத் தேடி அலையாதீர்கள்.

பெட்ரோல் வரத்தைப் பார்ப்பது எளிது, ஆனால் தீ பற்றிய பயம் இருக்க வேண்டும். முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைந்திருக்கிறது. பத்து இருபது கிலோமீட்டர் ஓடியபின் திணறி, நிறுத்தினால் சரியாகும் வண்டிக்குச் செலவில்லாத வைத்தியம் இது. அடுத்து, காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த்தில் வைத்து, கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடியுங்கள். பம்ப் ஒவ்வொரு அடிக்கும் வலுவாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் ஃபில்டர், குழாய், பம்ப் டயஃப்ரம் என்று பின்னோக்கிப் பாருங்கள். பாட்டிலில் பிடித்ததைக் கொட்டிவிடாமல் கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீரோ, துருத் துகளோ தங்கினால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. கோடையில் இதோடு ஆவிப் பூட்டும் சேரும். போளூர்ச் சமவெளியில் 40 டிகிரியில் ஓடிச் சூடான என்ஜின் இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது காற்றோட்டம் குறைந்து, என்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்பில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியையே மென்றுகொண்டிருக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் வழக்கம் சரியான வைத்தியம்தான். துணி போட்டதும் வண்டி கிளம்பியது என்றால் அதுவே நோயைக் காட்டும் சான்றும் ஆகிறது.

வால்வுகளைப் பற்றி ஒரு செய்தி பலருக்கும் தெரியாமல் போய்விட்டது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அது தேவையான முடிவு, குழந்தைகளின் உடல்நலத்துக்காக எடுத்தது. ஆனால் பழைய அம்பாசிடர் என்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வு சாதாரண வார்ப்பிரும்பின் மேல் உட்காரும். ஈயம் அதற்கு மெத்தையாக இருந்தது. அது போனபின், பாரத்தோடு நெடுநேரம் ஓடும்போது வால்வு தன் இருக்கையை அரித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இறங்க இறங்க டாப்பெட் இடைவெளி இறுகும். 0.38 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, ஸ்லோவில் அந்த சிலிண்டர் விட்டுவிட்டு ஓடும், வேகத்தில் ஓரளவு மறையும். டாப்பெட் கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். கம்ப்ரஷன் பார்ப்பதானால், மலையில் கேஜ் எல்லா சிலிண்டருக்கும் சற்றுக் குறைவாகவே காட்டும். எண்ணைப் பார்க்காமல், சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போனால் அங்கே கோளாறு. மலையிறங்கும்போது வேறொன்று நடக்கும். காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும் நெடுந்தூரத்துக்கு மேனிஃபோல்டின் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும், தேய்ந்த வால்வு கைடு வழியாக ஆயில் உள்ளே இழுபட்டு பிளக்கை நனைக்கும். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் நீலப்புகையோடு தடுமாறினால் காரணம் இதுதான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 'இப்போது வருவது பழைய பெட்ரோல் இல்லையே' என்பதே அது. 2022-இல் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது, 2023 பிப்ரவரியில் இ20 அறிமுகமானது, 2025-க்குள் அதுவே பொதுவான பெட்ரோலாகிவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். சுத்தமான பெட்ரோலுக்கு அளவு வைத்த ஜெட் வழியாக இ20 போனால் கலவை ஏறத்தாழ 7 சதவீதம் மெலிகிறது. குளிரில் கிளம்பத் தயங்குவது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்த கணத்தில் விக்குவது எல்லாம் இதனால் வரலாம். எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் ஊதவைத்து இளக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டேங்கில் பல ஆண்டாகப் படிந்திருந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், எளிதில் ஆவியாகி மேலே சொன்ன பூட்டையும் கூட்டும். இவ்வளவும் உண்மை. ஆனால் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். இ20 கலவையை 7 சதவீதம் மெலிய வைக்கிறது, ஜவ்வாது மலை ஏறுவது 4 சதவீதம் வரை கனக்க வைக்கிறது. இன்றைய பெட்ரோலோடு ஏறும் பழைய காரின் கலவை மேலே போகப் போக, கெடுவதற்குப் பதிலாகச் சரியான அளவை நோக்கி நகர்கிறது. கீழே சரியாக ஓடி மேலே கெடும் வண்டிக்கு இ20-ஐக் காட்டி ஜெட் மாற்றச் சொல்வது இதனால்தான் பொருந்தவில்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதும், வண்டியை மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிறுத்தி வைக்காததும்தான் இ20-க்குச் செய்ய வேண்டிய முதல் காரியங்கள். அதற்கும் பிறகு சமவெளியிலும் எப்போதும் மெலிந்தே ஓடினால், பிளக் முனை வெளுத்தே இருந்தால், அப்போது ஒரு படி பெரிய ஜெட் பற்றி யோசிக்கலாம்.

மூன்றாவது மறுப்பை அனுபவசாலிகள் சொல்வார்கள்: 'கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணினா சரியாகுதே, எத்தனை வண்டி பார்த்திருக்கோம்!' சரியாவது பல நேரம் உண்மைதான். ஆனால் எது சரியாக்கியது? கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் வேலையில் அடிப் பேக்கிங் புதிதாகிறது, தளர்ந்த நட்டுகள் இறுகுகின்றன, வெடித்த வாக்யூம் குழாய் வெட்டி மாட்டப்படுகிறது, ஃப்ளோட் சேம்பரில் தங்கிய தண்ணீர் வெளியேறுகிறது, ஏர் ஃபில்டர் தட்டப்படுகிறது. இடையில் என்ஜின் ஆறியும் விடுகிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்தபின் பலன் ஜெட்டைச் சுத்தம் செய்ததால் வந்தது என்று எப்படிச் சொல்வது? வண்டி ஓடினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. காரணம் தெரியாமல் சரியான வண்டி அதே காரணத்தால் அடுத்த ஏற்றத்தில் நிற்கும். அதைவிட, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கார்புரேட்டருக்கு ஆபத்து உண்டு. ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மி.மீ. என்று பொருள். அடைப்பெடுக்கக் கம்பி விட்டுக் குடைந்து அது 1.26 ஆனால், விட்டத்தில் கூடியது தலைமுடிப் பருமன்தான், ஆனால் பரப்பில் 10 சதவீதம். மலையேறுவதால் வரும் கலவை மாற்றத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான மாற்றத்தை ஒரு கம்பி நிரந்தரமாக உண்டாக்கிவிடுகிறது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அடிப் பட்டை வளைந்து, முன்பு இல்லாத காற்றுக் கசிவு புதிதாக உருவாகும்.

கார்புரேட்டர் ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே சில அடையாளங்கள் உண்டு. பொறியும் வால்வும் கசிவும் சரியாக இருந்து, வேகத்தில் நன்றாக ஓடி, ஸ்லோவில் மட்டும் அணைந்துபோனால் ஸ்லோ ஜெட் அடைந்திருக்கிறது. ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே பார்க்கும்போது, அணைத்த என்ஜினிலும் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் ஓட்டையாகியிருக்கிறது, அல்லது நீடில் வால்வு மூடவில்லை. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் ஓசை கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் மட்டும் விக்கினால் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயஃப்ரத்தைப் பாருங்கள். த்ராட்டில் தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்து, அந்த நேரம் ஸ்லோ ஓசையும் மாறினால் தண்டு தேய்ந்து காற்று புகுகிறது. எந்தத் திருகலும் அதைச் சரிசெய்யாது, புஷ் போட வேண்டும். பழைய அம்பாசிடர்களில் இருக்கும் எஸ்.யூ. வகையில் மேலேயுள்ள பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் தடையின்றி இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும். அதன் மேல் குழியில் ஆயில் இல்லாவிட்டால் மிதித்ததும் தயங்கும். இப்படி நேரடி அடையாளம் கிடைத்தபின் திறங்கள். திறப்பதற்கு முன் மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதி, பிறகு கழற்றுங்கள். ஜெட்டை வாயால் ஊதாமல், சைக்கிள் பம்ப் காற்றால் ஊதுங்கள். அதிலும் போகாத அடைப்புக்குத் துடைப்பத்து ஈர்க்கு போதும், கம்பி வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள். பலன் இல்லையென்றால், அடுத்ததைத் தொடுவதற்கு முன் முதலில் செய்ததைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இந்த வரிசையில் போனால் ஏற்றத்துக்கு முன் காரில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டன்சர், ரோட்டர், இரண்டு பிளக், ஃபீலர் கேஜ், ஓர் அடி எத்தனால் தாங்கும் பெட்ரோல் குழாய், இரண்டு கிளிப், ஒரு ஃபில்டர், ஒரு கண்ணாடி பாட்டில், தண்ணீர், பழைய துணி. கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வீட்டிலேயே இருக்கலாம். மலையில் புதுப் பாயிண்ட் போட்டீர்களானால், அதன் குதிகால் கேம் மீது படிந்து அமரும்வரை இடைவெளி வேகமாகக் குறையும். ஊர் திரும்பி ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கேப்பைக் கழற்றி மறுபடி அளந்து, கேம் மீது ஒரு துளி கிரீஸ் தடவிவிடுங்கள்.